வரலாற்றின் வழியே இடைநிலை ஜெர்மன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மன் மொழியில் ஏ2 என்ற தொடக்க நிலையை முடித்துவிட்டு பி1, பி2 என்ற இடைநிலைகளை நோக்கிப் போகும் தமிழ் மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். செவிலியர் வேலை, மேற்படிப்பு, தொழிற்பயிற்சி என்று அவர்களின் தேவைகள் வேறுபடலாம். எல்லோருக்கும் நான் சொல்லும் வழி ஒன்றுதான்: ஜெர்மானிய வரலாற்றிலிருந்து ஒரு சிறிய பகுதியைத் தேர்ந்தெடுத்து, அதை விடாமல் ஆழமாகப் படியுங்கள்.

ஏ2 வரை நன்றாக வந்தது. பி1 தொடங்கியதும் ஏன் நகரவே மறுக்கிறது?

ஏ1, ஏ2 கட்டங்களில் உங்களைப் பற்றியே பேசினீர்கள். பெயர், ஊர், குடும்பம், கடை, ரயில் டிக்கெட் எல்லாம் ஏற்கெனவே தெரிந்த விஷயங்கள். சொற்கள் மட்டும்தான் புதியவை. பி1-இல் வெளியுலகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டும். பாடநூலோ ஒரு வாரம் சுற்றுச்சூழல், அடுத்த வாரம் ஊடகம், பிறகு உடல்நலம் என்று தாவிக்கொண்டே இருக்கிறது. இந்த வாரம் கற்ற சொற்கள் அடுத்த பாடத்தில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவை மறந்துபோவதற்கு மாணவரைக் குறை சொல்ல முடியாது.

ஒரே நிகழ்வைப் பற்றி ஐந்து கட்டுரைகள் படித்தால் நிலைமை மாறிவிடும். முதல் கட்டுரையில் அகராதியைப் புரட்டிப் புரட்டிக் கை சலித்துப்போகும். மூன்றாவதில் எல்லை, அரசு, போராட்டம், தப்பியோடுதல் போன்ற சொற்கள் பழகிய முகங்களாகிவிடும். ஐந்தாவதில் வாக்கிய அமைப்பைக் கவனிக்கும் நிதானம் வந்துவிடும். இடைநிலைக்குத் தேவைப்படுவது அந்த நிதானம்தான்.

வரலாறு படித்தால் இலக்கணம் எப்படி வரும்?

ஓர் உதாரணம் பார்ப்போம். ஜெர்மானிய நகரங்களின் நடைபாதைகளில், வீடுகளின் வாசலுக்கு முன்னே, உள்ளங்கை அளவிலான பித்தளை முகப்புக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கும். இவற்றின் பெயர் ஷ்டோல்பர்ஷ்டைன. குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் தொடங்கிய பணி இது. இன்று ஐரோப்பாவெங்கும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கற்கள் இருக்கின்றன. நாஜிகளால் துரத்தப்பட்டவர்களும் கொல்லப்பட்டவர்களும் கடைசியாகத் தம் விருப்பப்படி வாழ்ந்த வீட்டின் முன்பு இவற்றைப் பதிக்கிறார்கள்.

கல்லில் இருப்பது சில வரிகள்தான். இங்கே வாழ்ந்தார் என்று ஒரு வரி. பிறகு பெயர், பிறந்த ஆண்டு, நாடுகடத்தப்பட்ட ஆண்டு, கொல்லப்பட்ட இடம். ஜெர்மனில் முதல் வரி 'ஹியர் வோன்ட'. இந்த 'வோன்ட' ப்ரேட்டரிட்டும், அதாவது எழுத்து வழக்கின் இறந்தகாலம். அடுத்து வருபவை 'டெப்போர்ட்டியர்ட்', 'எர்மோர்டெட்'. இரண்டும் செயப்பாட்டு வினையின் எச்சங்கள். 'வுர்ட' என்ற துணைவினை இடமின்மையால் விடப்பட்டிருக்கிறது. ஒரு கல்லை எடுத்து அதை முழு வாக்கியங்களாக விரித்து எழுதுங்கள். விடுபட்ட துணைவினையை நீங்களே போட வேண்டியிருக்கும். பி1 பாடநூல் பல பக்கங்களில் சொல்லும் செயப்பாட்டு வினை அங்கே கைக்கு வந்துவிடும்.

பிறகு அதே வாக்கியங்களைச் செய்வினைக்கு மாற்றுங்கள். மாற்றத் தொடங்கியதும் எழுவாய் தேவைப்படும். யார் நாடுகடத்தினார்கள்? எந்த அதிகாரி, எந்த அலுவலகம், எந்த ரயில்வே? கல் அதைச் சொல்லாது. நீங்கள் தேடிப் படிக்க வேண்டும். பெர்லின், ஹாம்பர்க் நகரங்களின் ஷ்டோல்பர்ஷ்டைன இணையதளங்களில் இந்த மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு குறிப்பும் பி2 மாணவருக்குப் பொருத்தமான வாசிப்பு. ஒரு மனிதரின் கதையோடு சேர்த்துக் கற்ற இலக்கணம் எளிதில் மறக்காது.

ஜெர்மானிய வரலாறு கடல்போல இருக்கிறது. எங்கே தொடங்குவது?

ஒரு தேதியில் தொடங்குங்கள்: நவம்பர் 9.

1918-இல் அந்த நாளில் பிலிப் ஷைடமான் என்ற அரசியல்வாதி பெர்லினின் ரைக்ஸ்டாக் என்ற நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து குடியரசை அறிவித்தார். 1923-இல் அதே நாளில் மியூனிக்கில் ஹிட்லரின் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி முறியடிக்கப்பட்டது. 1938-இல் அந்த இரவில் நாடு முழுவதும் யூதர்களின் வழிபாட்டிடங்களும் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. 1989-இல் பெர்லின் சுவர் திறந்தது. பெருமையும் அவமானமும் ஒரே தேதியில் வந்து நிற்கின்றன. ஜெர்மனியின் தேசிய நாள் இன்று அக்டோபர் 3, அதாவது 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்த நாள். நவம்பர் 9 தேசிய நாளாகியிருக்கலாமா, கூடாதா என்பது வகுப்பில் நான் கண்ட மிகச் சிறந்த பி2 விவாதப் பொருள்.

நான்கில் 1989-ஐ முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்வேன், ஏனென்றால் அதற்கு ஒலிப்பதிவும் காணொளியும் ஏராளம். அன்று மாலை கிழக்கு ஜெர்மனியின் ஆளும் கட்சித் தலைவர்களில் ஒருவரான குந்தர் ஷபோவ்ஸ்கி செய்தியாளர் சந்திப்பில் புதிய பயண விதிகளை வாசித்தார். எப்போது முதல் நடைமுறைக்கு வரும் என்று கேட்டார்கள். அவர் தாளைப் புரட்டினார், தயங்கினார், பிறகு சொன்னார்: 'டாஸ் ட்ரிட் நாக் மைனர் கென்ட்னிஸ்... இஸ்ட் டாஸ் ஸோஃபோர்ட், உன்ஃபெர்ட்ஸ்யூக்லிக்.' 'எனக்குத் தெரிந்தவரை இது... உடனே, தாமதமின்றி' என்று பொருள்.

அந்த வாக்கியத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். நடைமுறைக்கு வருகிறது என்று சொல்லத் தொடங்கி, 'ட்ரிட்' என்ற வினையைப் போட்டுவிட்டு, அதை முடிக்காமலே வேறு வாக்கியத்துக்குத் தாவுகிறார். தாய்மொழியில் பேசுபவரும் இப்படித்தான் திணறுவார், பாதியில் திரும்புவார். ஒலிநாடாவில் சீராகப் படிக்கப்பட்ட உரையாடல்களை மட்டுமே கேட்டுப் பழகியவர்களுக்கு உண்மையான பேச்சைக் கேட்கும் பயிற்சி இங்கே கிடைக்கிறது.

அந்த விதிகள் மறுநாள் அதிகாலைதான் வெளியாக வேண்டியவை. செய்தி பரவியதும் மக்கள் எல்லைச் சாவடிகளில் குவிந்தார்கள். இரவு பதினொன்றரை மணியளவில் போர்ன்ஹோல்மர் ஷ்ட்ராஸ சாவடியில் தடுப்பு திறக்கப்பட்டது. ஷபோவ்ஸ்கி தாளைக் கவனமாகப் படித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? எல்லைக் காவலர்கள் சுட்டிருந்தால்? மாணவர்கள் அஞ்சி ஒதுங்கும் கொன்யுங்க்டிவ் 2 இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது தானாக வரும், ஏனென்றால் நடக்காததைப் பற்றிப் பேச ஜெர்மனில் வேறு வழி கிடையாது.

பிறகு பின்னோக்கிப் போங்கள். 1961 ஜூன் 15 அன்று கிழக்கு ஜெர்மனியின் தலைவர் வால்டர் உல்பிரிக்ட், சுவர் கட்டும் எண்ணம் யாருக்கும் இல்லை என்று சொன்னார். ஜெர்மனில் அது 'ட்ஸு' சேர்ந்த வினையின் மூல வடிவத்துக்குப் பாடநூல் உதாரணம்போல அமைந்த வாக்கியம். ஆகஸ்ட் 13 அன்று எல்லை மூடப்பட்டது. 1989 அக்டோபர் 9 அன்று லைப்ட்ஸிக் நகரில் சுமார் 70,000 பேர் அமைதியாக ஊர்வலம் போனார்கள். 'வியர் ஸிண்ட் டாஸ் ஃபோல்க்' என்று முழங்கினார்கள்: நாங்களே மக்கள். சுவர் திறந்த பிறகு 'டாஸ்' இருந்த இடத்தில் 'ஐன்' வந்தது: நாங்கள் ஒரே மக்கள். ஆட்சியாளரை எதிர்த்த முழக்கம், இரு நாடுகளை இணைக்கும் முழக்கமானது. சுட்டிடைச்சொற்கள் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு நான் காட்டுவது இதைத்தான்.

தமிழ் தெரிந்திருப்பது ஜெர்மன் கற்க உதவுமா?

மிகவும் உதவும், குறிப்பாக இந்தக் கட்டத்தில். நம்மில் பலர் ஆங்கிலத்தின் வழியே ஜெர்மனை அணுகி, தமிழ் தரும் வசதியைக் கைவிட்டுவிடுகிறோம்.

வரலாற்றுக் கட்டுரைகளில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நீண்ட அடைமொழிகள் வரும். 'டாஸ் ஃபொன் லூதர் ஆவுஃப் டேர் வார்ட்பர்க் யூபர்ஸெட்ஸ்ட நாய டெஸ்டமெண்ட்' என்பதைப் பாருங்கள். தமிழில் அப்படியே வரும்: லூதரால் வார்ட்பர்க் கோட்டையில் மொழிபெயர்க்கப்பட்ட புதிய ஏற்பாடு. சொல்லுக்குச் சொல் வரிசை மாறவில்லை. ஆங்கிலத்தில் இதைச் சொல்லப் பெயர்ச்சொல்லை முன்னால் கொண்டுவந்து மற்றவற்றைப் பின்னால் தள்ள வேண்டும். நமக்கோ பெயரெச்சம் பிறந்ததிலிருந்தே பழக்கம். 'வைல்', 'டாஸ்', 'ஆல்ஸ்' போன்ற இணைப்புச் சொற்களுக்குப் பின் வினை கடைசிக்குப் போவதும் தமிழ்க் காதுக்கு இயல்பானது. கடினமான துணைவாக்கியத்தைக் கண்டால் ஆங்கிலத்தில் யோசிக்காமல் நேரே தமிழில் யோசியுங்கள்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. செயப்பாட்டு வினையைத் தமிழ்ப் பேச்சில் நாம் அதிகம் பயன்படுத்துவதில்லை. ஜெர்மானிய வரலாற்று எழுத்தில் அது வரிக்கு வரி வரும். அதைத் தனியாகப் பழகித்தான் ஆக வேண்டும்.

நாஜிக் காலத்தைப் பற்றி ஜெர்மானியர்களிடம் பேசலாமா?

பேசலாம். அவர்கள் பள்ளியிலேயே அதை விரிவாகப் படிக்கிறார்கள். வகுப்போடு வதைமுகாம் நினைவிடங்களுக்குப் போகிறார்கள். பி2 மாணவர் அதைப் பற்றிக் கேட்டால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எந்தச் சொற்களில் பேசுகிறோம் என்பது முக்கியம். 1938 தாக்குதலுக்குப் பழைய நூல்களில் 'கிறிஸ்டால்நாக்ட்' என்ற பெயர் இருக்கும். உடைந்த கண்ணாடியை மட்டும் நினைவூட்டி, மனிதர்கள் கொல்லப்பட்டதை மறைக்கும் பெயர் என்பதால் இன்று 'நொவெம்பர்பொக்ரோம', அதாவது நவம்பர் வன்முறைத் தாக்குதல்கள், என்பதையே பலரும் எழுதுகிறார்கள். நீங்களும் அதையே கற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஹிட்லரை உறுதியான தலைவர், ஒழுங்கைக் கொண்டுவந்தவர் என்று பேசும் பழக்கம் நம் ஊரில் சிலரிடம் இருக்கிறது. ஜெர்மனிக்குப் போகிறவர் அதை இங்கேயே விட்டுவிட வேண்டும். அங்கே சங்கடம் வரும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட வரலாற்றைப் படித்த பிறகு அப்படிப் பேச யாருக்கும் மனம் வராது. நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது அங்கே குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவின்படி குற்றம். நம் வீட்டு வாசலிலும் புது வண்டியிலும் வரையும் ஸ்வஸ்திகத்துக்கு வேறு பொருள் என்பது உண்மைதான். ஆனால் தெருவில் போகிறவருக்கு அது தெரியாது. அதை வீட்டுக்குள் பூஜையறையோடு வைத்துக்கொள்வது நல்லது. யாரேனும் கேட்டால் அதன் பொருளை ஜெர்மனில் விளக்கத் தெரிந்திருப்பது இன்னும் நல்லது.

பண்பாடு என்றாலே உணவு, திருவிழா என்று முடிந்துவிடுகிறதே. அதில் கற்க என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைகள் மூடியிருக்கும். சுவரில் துளையிட்டால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார். கண்ணாடிப் புட்டிகளைச் சேகரிப்புத் தொட்டியில் போடவும் அன்று கூடாது. புதிதாகப் போகிறவர்கள் இதைக் கெடுபிடி என்று நினைக்கிறார்கள். இதன் வேர் ஜெர்மனியின் முதல் குடியரசுக்கு எழுதப்பட்ட 1919-ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பின் 139-ஆம் பிரிவில் இருக்கிறது. ஞாயிறும் அரசு விடுமுறைகளும் வேலை ஓய்வுக்கும் உள்ளத்தின் உயர்வுக்குமான நாட்களாகச் சட்டப் பாதுகாப்புப் பெறும் என்கிறது அது. 1949 மே 23 அன்று அறிவிக்கப்பட்ட இன்றைய அரசியலமைப்பு அந்தப் பிரிவை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆறாம் வேற்றுமை, செயப்பாட்டு எச்சம், கூட்டுப் பெயர்ச்சொல் எல்லாம் அடங்கிய ஒரே வாக்கியம் அது. மனப்பாடம் செய்யத் தகுந்தது.

நேரம் சொல்லும் முறையையும் கவனியுங்கள். 'ஃபியர்டல் ட்ரை' என்று லைப்ட்ஸிக்கில் ஒருவர் சொன்னால் அது இரண்டேகால் மணி. கிழக்கிலும் தெற்கின் சில பகுதிகளிலும் இந்த வழக்கம் உண்டு. மூன்றேகால் என்று நினைத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் தாமதமாகிவிடும்.

நான் செவிலியர். பி2 சான்றிதழ் போதும். வரலாறு எனக்கு எதற்கு?

ஜெர்மானிய முதியோர் பராமரிப்பில் 'பியோக்ராஃபீஆர்பைட்' என்று ஒரு முறை இருக்கிறது. முதியவரின், குறிப்பாக நினைவிழப்பு நோயுள்ளவரின், வாழ்க்கைக் கதையைத் தெரிந்துகொண்டு அதைத் தொட்டுப் பேசிப் பராமரிப்பது. இன்று தொண்ணூறு வயதானவர் போர் முடிந்த 1945-இல் பத்து வயதுப் பிள்ளை. போரின் முடிவிலும் அதற்குப் பிறகும் கிழக்குப் பகுதிகளிலிருந்து சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் ஜெர்மானியர்கள் தப்பியோடினார்கள் அல்லது விரட்டப்பட்டார்கள். உங்கள் நோயாளி தன் ஊர் பிரெஸ்லாவ் என்று சொல்லலாம். இன்றைய வரைபடத்தில் அது போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப். கோனிக்ஸ்பெர்க் என்று சொன்னால் அது இப்போது ரஷ்யாவின் கலினின்கிராட். இதைத் தெரிந்த செவிலியர் அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்பார். தெரியாதவர் நோயாளி குழம்பிப் பேசுவதாகக் குறிப்பேட்டில் எழுதிவிடக்கூடும்.

'ஃப்ளுக்ட்' என்றால் தப்பியோடுதல், 'ஃபெர்ட்ரைபுங்' என்றால் விரட்டப்படுதல், 'ட்ரூமர்' என்றால் இடிபாடுகள். உணவுப் பங்கீட்டு அட்டைக்கு 'லேபன்ஸ்மிட்டல்கார்ட'; ரேஷன் கடை வரிசையை அறிந்த நமக்கு அது அந்நியமே இல்லை. கிழக்கு ஜெர்மனியில் அந்த அட்டை 1958 வரை இருந்தது. இந்தச் சொற்கள் தேர்வில் வராமல் போகலாம், வார்டில் வரும். இலங்கையிலிருந்து போரின்போது இடம்பெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவராக நீங்கள் இருந்தால், அந்த முதியவரோடு பேச உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே இருக்கும்.

எதைப் படிப்பது, எங்கே கேட்பது?

பி1-க்கு முதலில் டாய்ச்ச வெல்ல நிறுவனத்தின் மெதுவாக வாசிக்கப்படும் செய்திகள். ஒலியும் எழுத்தும் சேர்ந்தே கிடைக்கும், கட்டணம் இல்லை. வாரச் செய்திகளை எளிய ஜெர்மனில் தரும் 'நாக்ரிக்டன்லைக்ட்' தளமும் இதே நிலைக்கு ஏற்றது. வரலாற்றுக்கு 'லேமோ' என்ற இணைய அருங்காட்சியகம் இருக்கிறது. பெர்லினின் ஜெர்மானிய வரலாற்று அருங்காட்சியகமும் அதில் பங்கேற்கிறது. பி2 தொட்ட பிறகு அங்கே போங்கள். சிறு சிறு கட்டுரைகள், காலவரிசைப்படி. அரசியல் கல்விக்கான மத்திய நிறுவனமான பெபெபெ எளிய மொழியிலும் வெளியீடுகள் தருகிறது.

பலர் கவனிக்காத ஒரு பொக்கிஷம், ஜெர்மனியில் குடியேறுவோருக்கான 'லேபன் இன் டாய்ட்ஷ்லாண்ட்' தேர்வின் வினாத் தொகுப்பு. எல்லாக் கேள்விகளும் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. தேர்வில் 33 கேள்விகள். குடியுரிமைக்கு 17 சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் ஒரு வரி, நான்கு விடைகள். விடையைக் குறிப்பதோடு நிறுத்தாமல், மற்ற மூன்று விடைகளும் ஏன் தவறு என்று ஜெர்மனில் சொல்லிப் பாருங்கள். காரணம் சொல்லப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை.

ஒரு கட்டுரையை எப்படிப் படிக்க வேண்டும்?

முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாதீர்கள். யார், எப்போது, எங்கே என்பது மட்டும் பிடிபட்டால் போதும். இரண்டாம் வாசிப்பில் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். பிறகு தாளை மூடிவிட்டு, நடந்ததை நண்பருக்குச் சொல்வதுபோல வாய்விட்டுச் சொல்லுங்கள். கட்டுரை ப்ரேட்டரிட்டுமில் இருக்கும். பேச்சு, பேச்சு வழக்கின் இறந்தகாலமான பெர்ஃபெக்டில் வர வேண்டும். அந்த மாற்றம் வேகமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் பி1-ஐத் தாண்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். கடைசியாக ஐந்து வரி எழுதுங்கள். கருத்து ஒன்றாவது உங்களுடையதாக இருக்கட்டும்.

கோத்தே தேர்வுக்கு இது போதுமா?

போதாது. பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றிலும் 60 சதவீதம் வேண்டும். மின்னஞ்சல் எழுதுவதற்கும் கூட்டாகத் திட்டமிடுவதற்கும் தனிப் பயிற்சி தேவை. தேர்வுக்கு முந்தைய வாரங்களில் மாதிரித் தாள்களை மட்டும் செய்யுங்கள். ஆனால் தலைப்பு கொடுத்து உரையாற்றச் சொல்லும் பகுதியில், சொல்வதற்கு ஏதேனும் உள்ளவர் யார், மனப்பாடத் தொடர்களை ஒப்பிப்பவர் யார் என்பது உடனே தெரிந்துவிடும்.

சுவிட்சர்லாந்தில் உறவினர்கள் இருக்கிறார்கள். அங்கே போகிறவரும் ஜெர்மனியின் வரலாற்றையே படிக்க வேண்டுமா?

வேண்டாம், அந்த நாட்டினுடையதைப் படியுங்கள். கூட்டாட்சித் தேர்தலில் சுவிஸ் பெண்களுக்கு 1971-இல்தான் வாக்குரிமை கிடைத்தது என்பதில் தொடங்கினால் நல்ல வாசிப்புப் பொருள் வரிசையாக வரும். ஆஸ்திரியாவுக்குப் போகிறவர், அந்நாடு போருக்குப் பின் மீண்டும் முழு இறையாண்மை பெற வழிசெய்த 1955 மே 15 அரசு ஒப்பந்தத்தில் தொடங்கலாம்.

தமிழுக்கும் ஜெர்மனுக்கும் உள்ள பழைய தொடர்பைப் பாடப்பொருளாக எடுக்கலாமா?

தாராளமாக. ஹாலே நகரில் படித்த ஜெர்மானிய மறைப்பணியாளர் பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அங்கேயே அச்சானது. தமிழர்கள் எழுதிய கடிதங்கள் ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலேயில் வெளியாயின. தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் அங்குள்ள ஃபிராங்கே அறநிறுவனத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. கார்ல் கிரவுல் 1856-இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டார். நம் காலத்துக்கு வந்தால், ஈழத் தமிழர்கள் ஹாம் நகரில் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. ஜெர்மானியச் செய்தித்தாள்கள் அதன் தேர்த் திருவிழாவைப் பற்றி எழுதுகின்றன. உங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றை ஜெர்மானியர் எப்படி விளக்குகிறார்கள் என்று பார்க்க முடிவதால் பி1 மாணவருக்கு அந்தக் கட்டுரைகள் எளிது. சீகன்பால்கின் மூல எழுத்துகள் 18-ஆம் நூற்றாண்டு நடையிலும் எழுத்துக்கூட்டிலும் இருப்பதால் அவற்றை பி2 முடித்த பிறகு தொடலாம். இப்போதைக்கு அவரைப் பற்றி இன்றைய ஜெர்மனில் வந்த கட்டுரைகளைப் படியுங்கள்.